தன்மைப் பன்மை

மணிக்கணக்கில் கூலி எனக்கு.
இரண்டு வாய்க்கு நடுவே ஒரு வாய்.
அவன் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
அதிகாரி "நான்" என்றால் அதுவும் நானே.
பதினேழு வருசமாகப் பாசலில், இந்தக் கட்டடத்தில்,
என்னைத் தவிர எல்லாருமாகவும் இருந்திருக்கிறேன்.

இன்று காலை டிலக்சன்.
பேசாலை. இருபத்து நாலு வயது. கடற்றொழில்.
வலக்கைச் சுட்டுவிரலில் நண்டு கவ்விய தழும்பு.
அதே தழும்பு
குரோசியாவில் ஒரு பொலிஸ் கண்ணாடியில் பதிந்து
அவனுக்கு முன்னரே இங்கு வந்து
காத்திருந்தது.

"ஒரு இரவு, அக்கா. சரியான மழை.
பத்து விரலையும் அமத்தச் சொன்னாங்கள், அமத்தினன்.
விடியப் போ எண்டாங்கள், போனன்.
அது என்ன நாடெண்டே எனக்குத் தெரியாது."

ஜேர்மன் மொழியில் சொன்னேன்.
கடைசி வரி பகிடிபோல் விழுந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரி சும்ஷ்டைன் நல்ல மனுசி.
தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் நகர்த்திவிட்டுத்தான்
தாளைப் பார்ப்பாள்.
இந்த விண்ணப்பத்துக்கு
"வீர்" பொறுப்பல்ல என்றாள்.
சின்னச் சொல்.
அதைத் திறந்து, எதிரே இருப்பவன்
உள்ளே இருக்கிறானா என்று பார்க்க முடியாது.
தமிழ் விடாது. கேட்கும்:
நாமா, நாங்களா?
அவனைச் சேர்த்தா, அவனை விட்டா?

அரை நொடி. என் கூலியில் அதற்குக் கணக்கில்லை.

"நாங்கள்" என்றேன்.
தலையாட்டினான்,
அந்தச் சொல்லை வழிநெடுக
ஐந்து மொழியில் கேட்டு வந்தவன்போல.
ஊர் கூடி இழுத்தால் தேர்.
ஊர் கூடித் தள்ளினால் அதற்கு
என்ன பெயர்?

பின்னேரம் எட்டாம் இலக்க ட்ராமில் வைல் போனேன்,
கோழி வாங்க. அங்கே பாதி விலை.
நாலு தரிப்பு, ஒரு கொட்டாவி, ஜேர்மனி.
எண்பத்தொன்பதில் நான் வந்தபோது
அந்தக் கண்ணாடி இல்லை.
எந்த எல்லைக்கும் என் விரலைத் தெரியாது.
அவ்வளவுதான் வித்தியாசம்,
எனக்கும் அவனுக்கும்.

பாலத்தில் கொஞ்சம் நின்றேன்.
இந்தக் கரை ஜேர்மனி, அந்தக் கரை பிரான்ஸ்,
இடப்பக்கம் கிரேன்களோடு சுவிஸ்.
மூன்றும் தொடும் புள்ளி ஆற்றுக்குள் கிடக்கிறது, நனைந்தபடி.
ஒருகாலம் பாசலில் தீப்பிடித்த கிடங்கின் நஞ்சு
கீழ்நாடுகள்வரை மீனைக் கொன்றது.
பிறகு எல்லாரும் ஒரே மேசையில் இருந்தார்கள்.
சல்மன் திரும்பி வரட்டும் என்று
அணைகளில் படி வைத்தார்கள்.
எந்தக் கரையில் முதலில் உன் செதில் பட்டது என்று
மீனை ஒருவரும் விசாரிப்பதில்லை.

பொய் சொல்லக்கூடாது.
எங்கட பேச்சிலும் "நாம்" கிடையாது.
மேடையில் உண்டு, அந்தியேட்டிக் கல்வெட்டில் உண்டு.
வீட்டில் எல்லாத்துக்கும் "நாங்கள்"தான்:
"நாங்கள் சாப்பிடுவம், வா."
"நாங்கள் சாப்பிட்டிட்டம், நீ போ."
குரலை வைத்துத்தான் பிரிக்கவேணும்.
காலையில் என் குரல் எப்படி இருந்தது, டிலக்சன்?
கேட்கமுடியாது.
விண்ணப்பகாரரோடு வெளியில் பேசுவதில்லை என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

திரும்பும்போது சுங்கக்காரன் ட்ராமில் ஏறினான்.
ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சி. சட்டம்.
பையைத் தூக்கி நிதானித்தான்.
"ஒன்றே கால் இருக்குமே?"
"இருக்கும்."
"பரவாயில்லை" என்று இறங்கிப் போனான்.

அந்த அகதிச் சட்டத்திலும்
இப்படி ஒரு கால் கிலோ உண்டு.
கணக்குப்படி பொறுப்பில்லாவிட்டாலும்
விரும்பினால் ஒரு நாடு
தானே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பந்தி.
பதினேழு வருசத்தில்
அதை நான் மூன்று முறை
மொழிபெயர்த்திருக்கிறேன்.